லா பாஸில் சைக்கிளோட இரண்டரை மாசம்: கடலோரத்துக்காரனுக்கு என்ன தயாரிப்பு?

மார்த்தாண்டம் மண்ரோடு:
அண்ணன்மாரே, பிப்ரவரி நடுவுல பொலிவியா போறேன். லா பாஸில் ஏப்ரல் கடைசி வரை தங்கி, மழை ஓஞ்சு உயுனி உப்புவெளி காஞ்ச பிறகு ஒருரோ வழியா அங்கே மிதிக்கணும். வண்டி ஸ்டீல் பிரேம், 26 இஞ்ச், முன்னால 44-32-22 பல், பின்னால 11-34 பல் ஒன்பது சக்கரம், வி-பிரேக். விசா வேலை தனியா நடக்குது, அது இங்க வேண்டாம். கேக்க வேண்டியது மூணு: நேரா லா பாஸுக்கே பிளைட் எடுக்கலாமா? வண்டியில இங்கயே என்ன செஞ்சுட்டுப் போகணும்? சாப்பாடு எப்படி? ஒரு நாளைக்கு ஒரு நேரமாவது சோறு வேணும். கோதையாறு மலைரோட்டுல வாரம் ரெண்டு தரம் ஏறிப் பழகுறேன், அது போதுமா?

தக்கலை டைனமோ:
கோதையாறு உன் காலைப் பழக்கும், மூச்சைப் பழக்காது. அதுக்கு உயரத்துல தூங்கணும். ஊட்டியே 2,240 மீட்டர்தான். லா பாஸ் நடு ஊர் 3,640. பிளைட் இறங்குற எல் ஆல்டோ விமான நிலையம் 4,060. கடல்மட்டத்துல ராத்திரி சாப்பிட்டுட்டு மறுநாள் அங்க போய் இறங்குறது தலைவலியை டிக்கெட் போட்டு வாங்குற வேலையாக்கும்.

சாண்டா குரூஸுக்கு டிக்கெட் எடு. அது சுமார் 400 மீட்டர், வெக்கையும் புழுக்கமும் நம்ம ஊரு மாதிரியேதான். அங்கேருந்து கோச்சபம்பா, 2,560 மீட்டர். நாலு ராத்திரி தங்கு. அதுக்கு மேல பஸ்ல லா பாஸ். வழியில பஸ் 4,000 தாண்டித்தான் போகும், பயப்படாதே, அது சில மணி நேரம். எந்த உயரத்துல தூங்குறோம்ங்கிறதுதான் கணக்கு. பிப்ரவரி மழைக்காலம், மலைரோட்டுல மண்சரிவு உண்டு, அது போக அந்த நாட்டுல சாலை மறியலும் சாதாரணம். கையில நாலு நாள் உபரி வச்சுக்க.

லா பாஸ் ஒரு குண்டாச் சட்டி மாதிரி. விளிம்புல எல் ஆல்டோ 4,000-க்கு மேல, அடியில தெற்குப் பகுதி (சோனா சூர்னு சொல்லுவாங்க) 3,300 பக்கம். ஒரே ஊருக்குள்ள 800 மீட்டர் வித்தியாசம். அதனால ரூம் எடுக்கும்போது வாடகையை மட்டும் பாக்காதே. நடு ஊர் பார்க்க நல்லாயிருக்கும், ஆனா முதல் 2 வாரம் தெற்குப் பகுதியில, இர்பாவி, ஒப்ராஹேஸ் பக்கம் தங்கு. மேல போகணும்னா தொங்குவண்டி இருக்கு: இர்பாவியிலருந்து பச்சை லைன், பிறகு மஞ்சள் லைன் மாறினா எல் ஆல்டோ. பகல்ல மேல போய் சுத்திட்டு, ராத்திரி கீழ வந்து படு. 2014-ல ஓட ஆரம்பிச்ச வண்டி, அந்த ஊருக்கு டவுன் பஸ் மாதிரி.

முதல் வாரம் நடை மட்டும். ரெண்டாவது வாரம் தெற்கே ஆத்தோரமா ரியோ அபாஹோ பக்கம் வண்டியை இறக்கு. ஊருக்குள்ள ஏத்தத்தை மூணாவது வாரம் பாத்துக்கலாம். அப்பவும் இங்க இருக்குற பலத்துல முக்கால்வாசிதான் இருக்கும்.

குழித்துறை மருந்துப்பெட்டி:
மேல சொன்ன படி போனா பாதி பேருக்கு உயரத் தலைவலிக்கு மாத்திரையே வேண்டாம். வேணும்னா டயமாக்ஸ் 125 மில்லிகிராம், காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏறுறதுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சு உயரத்துக்குப் போய் 2 நாள் வரை. டாக்டர்கிட்ட கேட்டுத்தான் எடுக்கணும், சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க கட்டாயம் முதல்லயே சொல்லணும். விரல்நுனி, உதடு குறுகுறுக்கும், மூத்திரம் அடிக்கடி வரும், சோடா குடிச்சா நாக்குல கேவலமா இருக்கும். இது மூணும் மருந்தோட வேலைதான்.

ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு, திடுக்குனு இழுத்து முழிப்பு வரும். புதுசா வர்றவங்களை அதிகமாப் பயமுறுத்துறது அதுதான். உயரத்துல சாதாரணம். தூக்க மாத்திரையும் சரக்கும் முதல் நாட்கள்ல தொடவே கூடாது, ரெண்டும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். விரல்ல மாட்டுற ஆக்சிஜன் கருவி கொண்டு போனா, 88, 89-னு காட்டும். இங்க அந்த எண் வந்தா ஆம்புலன்ஸ். அங்க நல்லா நடமாடுறவனுக்கும் அதுதான், எண்ணை மட்டும் பாத்துப் பதறாதே.

பதற வேண்டியது வேற. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் விடலைன்னா நுரையீரல்ல நீர் கோக்குது. மூளை வீங்குதான்னு பாக்க, தரையில ஒரு கோட்டுல குதிகாலை மறுகாலோட விரல்ல தொட்டுத் தொட்டு நடந்து பாரு. கள்ளு குடிச்சவன் மாதிரி ஆடினா அந்த நிமிஷமே ஆக்சிஜன், ஆஸ்பத்திரி, கீழ இறக்கம். “காலையில பாத்துக்கலாம்”ங்கிற பேச்சே கிடையாது.

கோக்கா இலைச் சாயா அங்க எல்லா இடத்துலயும் கிடைக்கும், சட்டப்படி குடிக்கலாம். ஒரு பாக்கெட் கூட ஊருக்குக் கொண்டு வராதே, இங்க 1985 போதைப்பொருள் சட்டத்துல கோக்கா இலையும் அடக்கம். அப்புறம், மஞ்சள் காய்ச்சல் ஊசி. பொலிவியாவிலருந்து திரும்புறவங்க கையில அந்த அட்டை இல்லைன்னா இந்தியா விமான நிலையத்துலயே 6 நாள் வரை தனியா வச்சுடலாம். போட்டு 10 நாள் ஆனாத்தான் செல்லும், ஒரு தரம் போட்டா ஆயுசுக்கும் போதும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் போட மாட்டாங்க, சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்துல மட்டும். கடைசி வாரம் ஓடாதே.

கோட்டாறு பிரீவீல்:
வண்டிக்கு வருவோம். முன்னால 22, பின்னால 34 பல்லுல ஒரு மிதிக்கு வண்டி சுமார் 1.3 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 மிதின்னா 5 கிலோமீட்டர் வேகம்கூட வராது, ஆனாலும் மூட்டையோட லா பாஸ் தெருவுல அது பத்தாது. 11-36 சக்கரம் போடு. உன் பின் டெரெய்லர் (செயினை சக்கரம் மாத்துற கை) நீளக்கை உள்ளதுன்னா, அதுல இருக்குற பி-ஸ்க்ரூவை உள்ள திருகினா பெரும்பாலும் எடுத்துக்கும்.

நம்ம கடலோர வண்டிக்கு முதல் வியாதி உப்பு. சீட் போஸ்டை இன்னைக்கே கழட்டிப் பாரு. பெட்டி கட்டுற அன்னைக்கு முதல் தடவையா கழட்டப் போனா, அது பிரேமோட ஒட்டிப் போயிருக்கும். வெளிய எடுத்துத் துடைச்சு கிரீஸ் தடவி மறுபடி போடு. பெடலும் அப்படித்தான். இடது பெடல் எதிர்மரை, கடிகாரம் சுத்துற பக்கமாத் திருப்பினாத்தான் கழலும். மறந்து எதிர்ப்பக்கம் தொங்கினா இன்னும் இறுகும்.

ரிம். கட்டை உரசுற பக்கத்துல நகத்தை வச்சுக் குறுக்க இழு. நடுவுல குழி தட்டுச்சுன்னா ரிம்மை இங்கயே மாத்து. லா பாஸ் பக்கத்துல லா கும்ப்ரே கணவாய் 4,650 மீட்டருக்கு மேல, அங்கேருந்து யுங்காஸ் (கீழ உள்ள காட்டுப் பள்ளத்தாக்கு) பக்கம் இறங்கினா 60 சொச்சம் கிலோமீட்டர்ல 3,400 மீட்டர் இறக்கம். மழைக்காலச் சேத்துல மணல் கலந்து, பிரேக் கட்டை ஒரே இறக்கத்துல தேஞ்சு இரும்பு தெரிஞ்சுடும். கூட ரெண்டு ஜோடி வச்சுக்க. மூட்டையோட பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினா ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், இறங்கி நின்னு ஆறவிட்டு ஆறவிட்டுப் போ. பழைய யுங்காஸ் ரோட்டுல மட்டும் வண்டிகள் இடது பக்கம் போகும், நமக்குப் பழகினதுதான். ஆனா கீழே இறங்குறவனுக்குப் பள்ளத்துப் பக்கம் வரும்.

காத்து: டயர்ல இங்க 40 பிஎஸ்ஐ அடிச்சா அங்க 45 காட்டும், வெளிக்காத்து அழுத்தம் அவ்வளவு குறைவு. அதனால ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் இறக்கிவிடு. தொல்லை கைப்பம்பு. இங்க 100 அடி அடிச்சு ஏறுற அழுத்தத்துக்கு அங்க 155 அடிக்கணும், ஒவ்வொரு அடியிலயும் மூணுல ரெண்டு பங்கு காத்துதான் போகும். கால் வச்சு அடிக்கிற மாதிரி உள்ள நீளப் பம்பு எடு. பைக் வால்வு டியூப் போட்டா டயர் கடையிலயே அடிச்சுக்கலாம்.

பின் டெரெய்லரைப் பிரேமுல மாட்டுற ஹேங்கர் ஒண்ணு, அந்த பிரேமுக்கு உள்ளது, கட்டாயம் கொண்டு போ. செயின் லிங்க் 2, கியர் கேபிள் 2, உன் நீளத்துக்கு ஸ்போக் 6. மத்ததெல்லாம் எல் ஆல்டோவுல வியாழன், ஞாயிறு கூடுற பெருஞ்சந்தையில தேடலாம். 26 இஞ்ச் டியூப் கிடைக்காம இருக்காது. உயுனியிலருந்து வந்ததும் வண்டியை நல்ல தண்ணியில கழுவு, அன்னைக்கே. நம்ம உப்புக்காத்து வருஷக்கணக்குல தின்னுறதை அங்க ஈர உப்பு வாரத்துல தின்னும்.

மார்த்தாண்டம் மண்ரோடு:
சீட் போஸ்டைத் தட்டிப் பாத்தேன், அசையவே இல்ல. எண்ணெய் விட்டு வச்சிருக்கேன். அவசரம்னா லா பாஸ்ல இருந்து கீழ கொரோய்கோவுக்கு ஓடிடலாம்தானே? அது 1,700 மீட்டர்தான்னு பாத்தேன். சோறு விஷயம் யாரும் சொல்லலியே.

ஆரல்வாய் காத்து:
கொரோய்கோ வரைபடத்துல கீழ இருக்கு, ரோட்டுல மேல இருக்கு. அங்க போக அந்த 4,650 கணவாயை ஏறித் தாண்டணும், மூச்சு திணறுறவனை அப்படிக் கூட்டிட்டுப் போகவே கூடாது. ஒருரோ பக்கம் போனாலும் எல் ஆல்டோ ஏறணும். ஏறாம இறங்குறதுக்கு ஒரே வழி தெற்கே ரியோ அபாஹோ, ஆத்தோரமாவே 3,000-க்குக் கீழ போயிடலாம். தெற்குப் பகுதியில தங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கொல்லங்கோடு கஞ்சி:
சோறு கிடைக்கும், ஆனா வேகணுமே! லா பாஸில் தண்ணி 88 டிகிரியிலயே கொதிக்கும். நம்ம குண்டு சம்பா அரிசியை சும்மா பானையில போட்டா அடுப்பு அணையுற வரைக்கும் விதை மாதிரியே கிடக்கும். பருப்பு அதைவிட மோசம். 2 லிட்டர் குக்கர் ஒண்ணு கொண்டு போ, இல்லைன்னா அங்க வாங்கு. குக்கருக்குள்ளயும் இங்க 120 டிகிரி வர்ற இடத்துல அங்க 114 பக்கம்தான் வரும், அதனால வழக்கத்தைவிட ரெண்டு விசில் கூட. வெள்ளை அரிசின்னா சாதாரணமா வெந்திரும்.

துவரம்பருப்பு கிடைக்காது. சந்தையில லெந்தேஹானு ஒரு பருப்பு, பச்சையும் பழுப்பும், ராத்திரி ஊறவச்சா காலையில சாம்பார் வச்சிடலாம். கினோவா வாங்கினா நுரை போகுற வரை நாலு தண்ணியில கழுவு, இல்லைன்னா கசக்கும். கடையில “சின் கார்னே” (கறி இல்லாம)ன்னு சொன்னா கோழி வரும், கறின்னா அவங்களுக்கு மாட்டிறைச்சி. “சின் கார்னே, சின் போயோ” (கறியும் வேண்டாம், கோழியும் வேண்டாம்)ன்னு சேத்துச் சொல்லு. குடிக்கிற தண்ணியை கொதி வந்த பிறகு 3 நிமிஷம் விடணும். ஆப்பமாவு அந்தக் குளிர்ல மறுநாள் சாயங்காலம்தான் புளிக்கும், கம்பளியில சுத்தி வை.

தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சிரும், அங்க பகல்லயே 15, 16-தான். வாயகன்ற டப்பாவுல கொண்டு போய்க் கரண்டியால சுரண்டி எடு. ஊறுகாய் பாட்டிலை முழுசா நிரப்பாதே, இங்க மூடின காத்து மேல போகப் போக விரிஞ்சு மூடியைத் தள்ளும். ரெண்டு விரல் இடம் விட்டு, மூடிக்குக் கீழ பிளாஸ்டிக் தாள் வச்சு இறுக்கு. அங்க போய்த் திறக்கும்போது வாஷ்பேசின் மேல பிடிச்சுத் திற, சட்டைக்கு நேரா வேண்டாம்.