சீரியல் ஆஸ்பத்திரியும் நாம் பார்த்த ஆஸ்பத்திரியும்: உங்கள் அனுபவம்

வடசேரி மருமகள்:
நாலு மாதம் ஆகிறது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. மாமாவுக்கு ராத்திரி ஒன்பது மணி சீரியல் ஓடும்போதுதான் மாரடைப்பு வந்தது. வாயு என்று சொல்லி வெந்நீரில் பெருங்காயம் போட்டுக் குடித்தார், அதிலேயே ஒரு மணி நேரம் போச்சு. டிவியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தடாலென்று விழுவார்களே, அப்படி ஒன்றும் இல்லை. தாடை வலிக்கிறது, வேர்க்கிறது என்றார், அவ்வளவுதான். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கட்டிலில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. மானிட்டரில் கோடு நேராகப் போனது. "ஷாக் வைங்க டாக்டர், ஷாக் வைங்க" என்று கத்தினேன். ஒருத்தரும் அந்த மெஷினைத் தொடவில்லை. கட்டில்மேல் முழங்கால் ஊன்றி நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நேர் கோட்டுக்கு ஷாக் கிடையாதும்மா" என்றாள். அவள் நெற்றி வேர்வை மாமாவின் பனியனில் சொட்டியது.

மாமா போய்விட்டார். மெஷின் பக்கத்தில் இருந்தும் வைக்கவில்லையே என்று அத்தை இன்னும் அழுகிறார். அந்தப் பிள்ளை சொன்னது நிஜமா, சமாளிப்பா?

ரிட்டயர்டு சிஸ்டர்:
நிஜம். காஷுவாலிட்டியில் வருடக்கணக்காக நின்றவள் சொல்கிறேன். ஷாக் என்பது நின்றுபோன வண்டியைக் கிளப்புகிற பேட்டரி இல்லை. இதயம் துடிக்காமல் தாறுமாறாக நடுங்கும்போது, வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்போம், மானிட்டரில் குழந்தை கிறுக்கின மாதிரி இருக்கும், அந்த நடுக்கத்தை அடக்கத்தான் ஷாக். நேர் கோட்டில் அடக்க என்ன இருக்கிறது? அமுக்குவதும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. சீரியலில் நேர் கோடு வந்தால்தான் டாக்டர் அந்த இரண்டு பெட்டியையும் தேய்த்துக்கொண்டு ஓடி வருவார். எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

அமுக்குவதையும் பாருங்கள், முழங்கையை மடக்கி மாவு பிசைகிற மாதிரி. பாவம், உயிரோடு படுத்திருக்கிற நடிகரை நிஜமாக அமுக்கினால் விலா போய்விடும். நிஜத்தில் கை நேராக, 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்து அடுத்த ஆள் மாற வேண்டும். 1996-லேயே அமெரிக்காவில் அவர்களுடைய டிவி தொடர்களை எண்ணிப் பார்த்தார்கள். தொடரில் இப்படி அமுக்கினவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உயிர் திரும்பியிருந்தது. நிஜ ஆஸ்பத்திரிக்காரர்கள் கனவிலும் காணாத கணக்கு.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எல்லாரும் எழுதி வையுங்கள். தாடை, தோள், மேல்வயிறு எங்கே வலித்தாலும் கூடவே வேர்த்தால் பெருங்காயம் தேடாதீர்கள். 108 கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2023 முதல் மாரடைப்புக்கென்றே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகணும் என்று அதைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே வராமலும் இருக்கும். நடந்து போகவும் விடாதீர்கள், மாடிப்படி ஏறவும் விடாதீர்கள்.

குலசேகரம் பால்வெட்டு:
சிஸ்டர் சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் சீரியல்காரன் தலையில் போட வேண்டாம், நம்ம புத்தி எங்கே போச்சு? தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ரப்பர் வெட்டுகிற வேலை. கூட வெட்டுகிறவனைக் கணுக்காலில் விரியன் கடித்தது. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் டிவியில் கண்டதுதான். கைலியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன், கீறி ரத்தத்தை உறிஞ்சலாம் என்று வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தும்விட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டா, "லேய் மக்கா, கத்தியக் கீழ போடு" என்று போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் முதலில் கட்டை மெதுவாக அவிழ்த்தார்கள். ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்தார்கள். அப்புறம் சாய்த்துப் பார்த்தால் தண்ணீராக ஓடுகிறது, உறையவே இல்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். அதற்கப்புறம்தான் விஷமுறிவு மருந்து, முதல் தவணையே 10 குப்பி. அந்த 20 நிமிடத்தை எந்த சீரியலில் காட்டுவான்? அவன் பிழைத்தான். வெட்டுக்கும் திரும்ப வருகிறான்.

குளச்சல் கரை:
மேலே உள்ள அண்ணனுக்கு: தலையில் போடாமல் எப்படி? உங்கள் புத்திக்குள் கைலியும் கத்தியும் எங்கிருந்து வந்ததாம்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் கரையில் ஒரு பையனை அலையிலிருந்து எடுத்துப் போட்டார்கள். நாலு பேர் வயிற்றை அமுக்கினார்கள், சினிமாவில் வாயிலிருந்து ஃபவுண்டன் மாதிரி தண்ணீர் வருமே, அதற்காக. வந்தது தண்ணீர் இல்லை, தின்ற சோறு. அது மூச்சுக்குழாயில் இறங்குமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. லைஃப்கார்டு பயிற்சி எடுத்த ஒரு மச்சான் எல்லாரையும் தள்ளிவிட்டு, வாயைத் துடைத்து முதலில் ஊதினார், அப்புறம் நெஞ்சை அமுக்கினார். பையன் இருமினான். வயிற்றை அமுக்கின நாலு பேரில் நானும் ஒருத்தன்.

தக்கலை டூ வீலர்:
விபத்து கேஸ் என்றால் "போலீஸ் வராம தொட மாட்டோம்" என்று சீரியல் டாக்டர் சொல்வாரே, அதை நம்பி ரோட்டில் கிடந்த ஆளைத் தூக்காமல் ஐந்து நிமிடம் சும்மா நின்றவன் நான். முதலில் உயிரைப் பார், போலீஸ் அப்புறம் என்று சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லியாகிவிட்டது. கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்து என்ன?

வடசேரி மருமகள்:
சிஸ்டர், நீங்கள் எழுதினதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கிறுக்கல் கோடு, நேர் கோடு என்று பேப்பரில் வரைந்தும் காட்டினேன். பேப்பரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ள எவ்வளவு நேரம் அமுக்கினா?" என்று கேட்டார். நான் மணி பார்க்கவில்லை.