மறு: இலத்திரனியல் லொக் புத்தகம் – ‘பிடிபாட்டு மின்னேடு’ என்று முன்மொழிகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

மீன்பிடிப் படகில் பிடித்ததை எழுதி வைக்கும் லொக் புத்தகம் தாளிலிருந்து செயலிக்கு மாறும்போது அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்று இந்த இழையில் பேசி வருகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ‘இலத்திரனியல் லொக் புத்தகம்’, ‘மின் மீன்பாட்டேடு’, ‘மின்பிடிப் பதிவு’, ‘எண்ணிம மீன்பிடிப் பதிவேடு’ என நான்கு நிற்கின்றன. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. காரணங்களைச் சொல்லிவிட்டு என் முன்மொழிவை வைக்கிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள்க.

இந்தச் சொல்லை நாம் கொழும்பில் மேசைக்கு முன்னால் அமர்ந்து ஆக்குகிறோம். அதைப் பயன்படுத்தப்போகிறவரோ வாழைச்சேனையிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ பலநாள் படகில் புறப்பட்டு, வாரக்கணக்கில் கடலில் நிற்கும் ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர். திக்கோவிட்டத் துறைமுகத்தில் கரை சேர்ந்த படகொன்றின் லொக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். திகதி, அகலாங்கு, நெட்டாங்கு, தூண்டில்களின் எண்ணிக்கை, மீன் வகை, எண்ணிக்கை, நிறை என்று கட்டங்கள். ஓரமெல்லாம் மீன்நீர் பட்டு ஊறி, கெலவல்லா என்ற சூரை வகைக்கு நேரே எழுதிய இலக்கம் 3 ஆகவும் 8 ஆகவும் படிக்கும்படி மை பரவியிருந்தது. கரைக்கு வந்தபின் அதை யாரோ ஒருவர் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். 3 ஆ, 8 ஆ என்பதை அவரே முடிவு செய்வார். தாளை விட்டுத் திரைக்கு மாறுவது இதற்காகத்தான். திரையில் வரும் தமிழும் அந்த மைபோல இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால் மாறியதில் பயன் என்ன?

அந்த இலக்கங்கள் வெறும் புள்ளிவிபரம் அல்ல. இந்து சமுத்திர சூரை ஆணைக்குழுவின் 15/01 ஆம் தீர்மானப்படி 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமான கலங்கள் பிடித்ததைப் பதிய வேண்டும். அதைவிடச் சிறியவையும் தம் நாட்டின் பிரத்தியேகப் பொருளாதார வலயத்துக்கு, அதாவது மீன் வளத்தில் அந்நாட்டுக்கே தனியுரிமை உள்ள கடற்பரப்புக்கு, வெளியே தொழில் செய்தால் பதிய வேண்டும். எங்கள் பலநாள் படகுகளில் மிகப் பெரும்பாலானவை 24 மீற்றருக்குக் குறைந்தவை, ஆனால் வலயத்தைத் தாண்டிப் போகிறவை பல. ஐரோப்பிய ஒன்றியம் 2012 இல் எச்சரித்து, 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்து, 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குக் கதவைச் சாத்தியது. 2016 இல்தான் அது திறந்தது. அப்போது பத்திரிகைகள் தோறும் ‘சட்டவிரோதமான, அறிக்கையிடப்படாத, ஒழுங்குபடுத்தப்படாத மீன்பிடி’ என்ற தொடர் வந்துகொண்டிருந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். நடுவில் நிற்கும் ‘அறிக்கையிடப்படாத’ என்ற சொல்தான் இப்போது நம் கையில் இருக்கும் வேலை.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘மின்பிடிப் பதிவு’ சுருக்கமாக இருக்கிறது, திரையிலும் அடங்கும்.

சுருக்கம்தான், ஆனால் பொருள் தவறு. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் முறை உலகில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் கடல்களில் மின்துடிப்பு இழுவலையை 2021 ஜூலை முதல் தடை செய்திருக்கிறது. ‘மின்பிடி’ என்றால் கடற்றொழில் அறிந்தவர் மனதில் அதுதான் வரும். தடைசெய்யப்பட்ட ஒரு முறையின் பெயரை நேர்மையான ஒரு பதிவின் மேல் ஒட்டக்கூடாது. ஆகவே ‘மின்’ என்ற முன்னொட்டு பிடியோடு சேரவே கூடாது, ஏட்டோடுதான் சேர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> ‘மீன்பாடு’ கடற்கரை மக்களின் சொந்தச் சொல். அதை விட்டுவிட்டு வேறு தேடுவானேன்?

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் அக்கறையை மதிக்கிறேன். ‘இன்றைக்கு நல்ல பாடு’ என்று கரையில் கேட்கும்போது அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்றே எனக்கும் படும். ஆனால் அதை ஒரு தொடருக்குள் வைக்கும்போது மூன்று இடர்கள் வருகின்றன. ‘மின்’னும் ‘மீன்’னும் அடுத்தடுத்து வந்தால் சிறிய திரையில், உப்புப் படிந்த கண்ணாடிக்குப் பின்னால், இகரக் குறியும் ஈகாரக் குறியும் ஒன்றாகத் தெரியும். ‘மீன்பாட்டு’ என்று வேற்றுமையில் திரிந்தவுடன் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்கள் நினைவுக்கு வருகின்றன. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று கேட்டு வளர்ந்த கிழக்கிலங்கைக்காரருக்கு வேறெதுவும் நினைவுக்கு வராது. ‘பாட்டேடு’ என்றால் பாட்டுப் புத்தகம் என்றே எவரும் படிப்பார்கள்.

மூன்றாவது இடர்தான் பெரியது. மீன்பாடு என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் கரைக்கு வந்து விலை போகும் மீனை. பேலியகொடைச் சந்தைக்கு வந்தது எவ்வளவு என்பதே அதன் அளவு. லொக் புத்தகம் கேட்பது அதுவன்று. கடலில் பிடிபட்டது எல்லாவற்றையும் அது கேட்கிறது. சாட்டை போல் வால் நீண்ட சுறா இனத்தைப் படகில் வைத்திருக்கவே இந்து சமுத்திர ஆணைக்குழு தடை விதித்திருக்கிறது. தூண்டிலில் சிக்கினால் திரும்பக் கடலில் விட வேண்டும், விட்டதைப் பதியவும் வேண்டும். கரைக்கு வராத அந்தச் சுறாவை ‘மீன்பாடு’ என்ற தலைப்பின் கீழ் எழுத எந்த ஸ்கிப்பருக்குத் தோன்றும்? விற்காத மீன் எப்படிப் பாடாகும் என்று அவர் விட்டுவிட்டால் அவர்மேல் குற்றமில்லை, சொல்லின்மேல்தான் குற்றம்.

ஆகவே என் முன்மொழிவு ‘பிடிபாடு’. உடன்படு, உடன்பாடு, ஈடுபடு, ஈடுபாடு, புறப்படு, புறப்பாடு. அதே வழியில் பிடிபடு, பிடிபாடு. பிடிபட்டது எதுவோ அது பிடிபாடு: வைத்துக்கொண்டாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி, ஆமையானாலும் சரி. ‘பாடு’ உள்ளே இருப்பதால் கடற்கரைச் சொல்லோடு உறவும் அறுந்துபோகவில்லை. ‘பிடிபாட்டு’ என்று திரியும்போது பாட்டுச் சத்தமும் கேட்காது. ‘கட்டுப்பாட்டு அறை’ என்பதில் யாரும் பாடலைத் தேடுவதில்லை.

அன்பர் ஒருவர் தனி மடலில் ஒரு தடை எழுப்பினார். ‘படகு பிடிபட்டது’ என்றால் கடற்படையிடம் சிக்கியது என்றல்லவா பொருள், மீனவருக்கு அது கசப்பான சொல் ஆயிற்றே என்றார். எடுத்தெறியக்கூடிய தடை அன்று, இரண்டு மூன்று நாள் அதையே யோசித்தேன். வினையாக வரும்போது அந்தப் பொருள் உண்டு, ஆனால் பெயர்ச்சொல்லாக அங்கே ‘கைது’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ‘பிடிபாடு’ அந்த இடத்தில் வருவதில்லை. ஆகவே ஏற்கலாம் என்பது என் துணிபு.

கரையில் இறக்கியதற்கு ‘இறக்கம்’ போதும், அதைத் தனிக் கட்டமாக வைக்க வேண்டும். பிடிபாடும் இறக்கமும் வேறு வேறு இலக்கங்கள் என்பது திரையைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். கடலில் திரும்ப விட்டதற்கு ‘விடுபாடு’ என்று எதுகையாகச் சொல்லலாம் என ஆசை வரும். வேண்டாம். நம்மிடையே விடுபாடு என்றால் எழுதாமல் தவறவிட்டது. ‘உயிருடன் விட்டது’, ‘இறந்தபின் எறிந்தது’ என்று இரண்டு கட்டங்கள் போடுவோம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் தேட வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்து, ஏடும் அறிக்கையும். இழையில் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இவை இரண்டு செயல்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 12 மீற்றரும் அதற்கு மேலுமான கலங்கள் இலத்திரனியல் ஏட்டை எழுதி, அதன் தரவை நாளுக்கு ஒரு தடவையாவது அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்குக் கடல்களிலோ அவர்கள் கேட்பது கலப் பயண அறிக்கை. முன்பு வாரத்துக்கொரு தடவையோ மாதத்துக்கொரு தடவையோ தாளில் போனதை, 2021 நவம்பர் 10 முதல் பயணம் முடிந்து 48 மணித்தியாலத்துக்குள் மின்வழியில் அனுப்பும்படி மாற்றினார்கள். எழுதுவது வேறு, அனுப்புவது வேறு. நடுக்கடலில் எழுதியது கருவியிலேயே கிடக்கலாம், தொடர்பு கிடைத்த பிறகே போய்ச் சேரலாம். ஆகவே எழுதி வைப்பது ‘பிடிபாட்டு மின்னேடு’, அதிலிருந்து அனுப்பப்படுவது ‘பிடிபாட்டு மின்னறிக்கை’. இந்த வரிசையிலேயே ஏற்றுமதிக்கான ‘பிடிபாட்டுச் சான்றிதழ்’ என்பதும் அமைந்துவிடும். ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் 2026 ஜனவரி 10 முதல் அந்தச் சான்றிதழ்களையும் இணையவழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், மூன்று சொற்களும் ஒரே வேரில் இருப்பது நமக்கு நல்லது.

‘இலத்திரனியல்’ பற்றி: இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் தொடங்கி அரச ஆவணங்களில் அது ஊன்றிவிட்டது. ஒழுங்குவிதிகளின் தமிழ் வாசகத்தில் ‘இலத்திரனியல் பிடிபாட்டேடு’ என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. திரைக்கும் பேச்சுக்கும் ‘மின்னேடு’. மின்னஞ்சல் என்று நாள்தோறும் சொல்கிறவர்களுக்கு இது அந்நியமாக இராது. ‘டிஜிட்டல்’ என்பதற்கான ‘எண்ணிம’ இந்த இடத்துக்குத் தேவையில்லை.

‘லொக் புத்தகம்’ துறைமுகத்தில் எல்லோர் வாயிலும் இருக்கும் சொல். அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செயலியின் முதல் திரையில், ‘பிடிபாட்டு மின்னேடு’ என்பதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘லொக் புத்தகம்’ என்று இருக்கட்டும், பழகும்வரை.

இன்னும் இரண்டு முடிவாக வேண்டும். செயலியில் அறிக்கையை அனுப்பும் பொத்தானில் ‘சமர்ப்பி’ என்று போட்டிருக்கிறார்கள். மனு கொடுக்கும் தொனி அதில் இருக்கிறது. ‘அனுப்பு’ என்று மாற்றவும், போய்ச் சேர்ந்தபின் ‘கிடைத்தது’ என்று திரையில் காட்டவும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மற்றது, தூண்டில் எண்ணிக்கையும் போட்ட நேரமும் சேர்ந்த அளவை ‘மீன்பிடி முயற்சி’ என்று மொழிபெயர்த்திருப்பது. கட்டத்தில் அதைக் காணும் ஸ்கிப்பருக்கு எதை எழுதுவது என்றே விளங்காது. எனக்கு இதற்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. நெடுந்தூண்டில் தொழிலை அருகிலிருந்து அறிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து