பழைய ஸ்க்வீஸ்பாக்ஸ் ரேடியோ புது ரவுட்டரில் சேரவில்லை

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். போன மாதம் ஃபைபர் இணைப்போடு புது ரவுட்டர் வந்ததிலிருந்து எங்கள் ஸ்க்வீஸ்பாக்ஸ் ரேடியோ (இணையம் வழியாகப் பாடும் லாஜிடெக் பெட்டி) வைஃபையில் சேர மறுக்கிறது. பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் வாங்கிக்கொள்கிறது. அப்புறம் ஐபி முகவரி கிடைக்காமல் அப்படியே நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.11 பி/ஜி என்ற பழைய வைஃபை முறைகள் மட்டும் தெரிந்த பெட்டி இது.

அதனால் 2.4-க்குத் தனிப் பெயர் வைத்தேன். டபிள்யூபிஏ3 என்ற புது வைஃபை பாதுகாப்பு முறையை நிறுத்தி, பழைய டபிள்யூபிஏ2 மட்டும் விட்டேன். சேனல் 6, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஃபேக்டரி ரீசெட்டும் ஆயிற்று. போன் ஹாட்ஸ்பாட்டில் உடனே சேர்கிறது, லேன் கேபிளிலும் நன்றாகப் பாடுகிறது. ஆனால் ரவுட்டர் வாசல் பக்கம், ரேடியோ சமையலறையில். கேபிள் இழுக்க வழியில்லை. அம்மா விடியற்காலையில் நாதஸ்வரம் கேட்பது இதில்தான், தூக்கிப்போட மனமே வரவில்லை.

இதே ரேடியோவைப் புது ஃபைபர் ரவுட்டரில் சேர்த்தவர்கள், வேறு எந்த செட்டிங்கை மாற்றினீர்கள்?