லேசர் ஸ்பெக்கிளுக்குப் 'புகர்' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

உயிருள்ள எலியின் மூளையில் குருதி ஓடுவதை லேசர் ஒளியால் படம்பிடிக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் 'லேசர் ஸ்பெக்கிள் கான்ட்ராஸ்ட் இமேஜிங்') 'ஒளித்துகள் அளவீடு' என்ற தமிழ்ப் பெயர் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. இதில் 'துகள்', 'அளவீடு' இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை.

மண்டையோட்டை மெல்லிதாக இழைத்துவிட்டு லேசரை விரித்து அடித்தால், கேமராவில் கருமையும் வெளிச்சமுமாகப் புள்ளிகள் இறைந்து தெரியும். இவைதான் 'ஸ்பெக்கிள்'. அவை எதுவும் பொருள் அல்ல. திசுவில் பட்டுச் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் அற்றும் போவதால் வரும் கோலம் அது. உண்மையான துகள், ஓடுகிற சிவப்பணுதான். புள்ளிகளைக் கலைப்பதும் அதுதான். 'துகள்' என்றால் படிக்கும் மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்.

நம்மிடம் 'புகர்' இருக்கிறது. முகத்தில் புள்ளி படர்ந்த யானையைச் சங்கப் பாடல்கள் 'புகர்முகம்' என்கின்றன. பரப்பில் தெரியும் தோற்றத்தைச் சொல்லும் சொல், தனிப் பொருளை அல்ல. இதைவிடப் பொருத்தமாக எனக்கு வேறு தோன்றவில்லை.

அப்புறம் 'கான்ட்ராஸ்ட்'. கேமரா சில மில்லிநொடிகள் திறந்திருக்கும்போது, ஓட்டம் விரைவாக உள்ள நாளத்தில் புகர் கலைந்து மங்கும். அசைவில்லாத இடத்தில் பளிச்சென்று நிற்கும். 7×7 படப்புள்ளிக் கட்டத்தில் ஒளிச்செறிவின் திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்து வரும் எண் இது. 'தெளிவு' என்றால் குவியத்தோடு (ஃபோகஸ்) குழம்பும். 'புகர் மாறுபாடு' எனலாம்.

இந்த எண் ஓட்டம் கூடியதா குறைந்ததா என்று காட்டும். நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லாது. 1981-இல் இம்முறையை முன்வைத்த ஃபெர்ச்சரும் பிரையர்ஸும்கூட ஓட்டத்தைக் 'காட்சிப்படுத்தல்' என்றே தலைப்பிட்டார்கள். இரு ஃபோட்டான் நுண்ணோக்கியின் கதை வேறு. பிளாஸ்மாவில் ஒளிரும் சாயம் ஏற்றி, ஒரே நுண்நாளத்தைக் கோடு கோடாக வருடினால், சாயம் ஏறாத சிவப்பணுக்கள் சாய்ந்த கருங்கீற்றுகளாக விழும். அந்தச் சாய்விலிருந்து வேகம் மி.மீ./நொடி கணக்கில் நேரடியாகக் கிடைக்கிறது. 'அளவீடு' அங்கே தாராளமாகப் பொருந்தும்.

ஆகவே என் முன்மொழிவு: 'புகர்வழிக் குருதியோட்டப் படமாக்கம்'. 'இன் விவோ' என்பதற்கு 'உயிருடலில்' போதும்.

ஒன்று மட்டும் பாக்கி. அணுக்களால் மாறிக்கொண்டே இருக்கும் புகரும், மண்டையோடு உண்டாக்கும் அசையாப் புகரும் ஒரே படத்தில் கலந்து வருகின்றன. பிரித்துக் கணக்கிடாவிட்டால் ஓட்டம் தவறாகத் தெரியும். முன்னதற்குக் 'கலைபுகர்', பின்னதற்கு 'நிலைபுகர்' என்று வினைத்தொகையாகவே வைக்கலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.