அப்பாவின் குறட்டை, மாமியாரின் மூன்று மணி

சேலத்திலிருந்து:

அப்பா கூடத்தில் படுத்தால் குறட்டை வாசல்வரை கேட்கும். “தலையைச் சாய்த்தால் போதும், கொடுத்துவைத்தவர்” என்பார் அம்மா. அப்பாவுக்கு வயது 58. இரவில் எட்டு மணி நேரம் தூங்குகிறவர், காலையில் பேப்பரைப் பிரித்ததும் மறுபடி சாய்ந்துவிடுவார். ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை போட்டும் அது இறங்குவதாக இல்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்தில் அவர் பக்கத்தில் படுத்தேன். நடு இரவில் குறட்டை சட்டென்று நின்றது. அப்பாடா என்று கண்ணை மூடினால், மூச்சுச் சத்தமும் இல்லை. மார்பு மட்டும் ஏற முடியாமல் துடிக்கிறது. மனத்துக்குள் எண்ணினேன்: இருபத்தெட்டு. பிறகு கிணற்றில் முங்கியவர் தலை தூக்குவது போல ஒரு திணறல், மறுபடி குறட்டை. விடியும்வரை எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

நுரையீரல் மருத்துவர் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் காலிலும் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார். மணிக்கு 41 தடவை மூச்சு நின்றிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. 30 என்றாலே கடுமையாம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதையை அடைக்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை உலுக்கி எழுப்புகிறது. எழுந்தது அவருக்கே நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

சீபாப் கருவி கொடுத்தார்கள்; மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். இப்போது அது இல்லாமல் வெளியூர் போவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையிலும் ஒன்று குறைந்திருக்கிறது. அம்மாவுக்குத்தான் அந்த அமைதி இன்னும் பழகவில்லை. நடுவில் எழுந்து, மூச்சு வருகிறதா என்று அவர் மார்பில் கை வைத்துப் பார்க்கிறார்.

தஞ்சாவூரிலிருந்து:

எங்கள் வீட்டுக் கதை நேர்மாறு. 76 வயது மாமியார், “மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, தூக்க மாத்திரை வாங்கிக் கொடு” என்று ஒரே பிடிவாதம். மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: “எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் அம்மா?” ஏழரைக்கு. விரலை மடக்கி எண்ணினால் ஏழரை மணி நேரம்! 65 வயதுக்கு மேல் ஏழெட்டு மணி நேரமே போதுமாம். மதியம் ஊஞ்சலில் ஒரு மணி நேரம் தனிக்கணக்கு. வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் கலையும், அது நோயில்லை என்றார். தூக்க மாத்திரை போட்டுத் தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்று பயமுறுத்தவும் செய்தார். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையை மாலையிலிருந்து காலைக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுகிறார். மூன்று மணிக்குப் பாத்திரம் உருளாததால் எனக்கும் லாபம்.

நாமக்கல்லிலிருந்து:

மேலே உள்ளதைப் படித்ததும் நானும் விரலை மடக்கினேன். பிளஸ் டூ படிக்கும் மகன் பதினொன்றரைக்குப் படுக்கிறான். நாலரைக்கு, என் அப்பா எனக்குச் செய்தது போலவே, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புகிறேன். ஐந்து மணி நேரம். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து வேண்டும். பத்து மணிக்கே படுடா என்றாலும் தூக்கம் வராது. பருவ வயதில், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதம். சோம்பேறி என்று எத்தனை முறை திட்டியிருப்பேன்! அவனிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். ஆனால் டியூஷன் ஐந்தரைக்கு. நேரத்தை மாற்றச் சொன்னால், “மற்ற பிள்ளைகள் வருகிறார்களே சார்” என்கிறார்கள்.