‘காத்தி’க்கு வீசை ஆகுமா? எடைச் சொற்கள் குறித்து

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சமையல் சொல்லடைவில், சிங்கப்பூர், மலேசிய எடையலகான ‘காத்தி’க்கு நேராக ‘வீசை’ என்று எழுதலாம் என்ற முன்மொழிவை இருமுறை படித்தேன், மனம் ஒப்பவில்லை. சென்னை மாகாணத்தில் வழங்கிய வீசை 40 பலம், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ. சிங்கப்பூரில் வழங்கிய காத்தியோ 16 தாஹில், அதாவது 604.8 கிராம். ஒரு காத்தி இறால் கேட்கும் குறிப்பில் வீசை என்று மாற்றினால், சட்டியில் விழுவது இரண்டு மடங்குக்கும் மேல்.

தாஹிலைப் ‘பலம்’ என்று தமிழாக்கலாம் என்பது இதைவிட நல்ல யோசனை. ஏனெனில் தாஹில் 37.8 கிராம், பலம் 35.4 கிராம் அளவில் நிற்பது. ஆனால் 16 பலத்தைக் கூட்டிப் பாருங்கள்: 566 கிராம்தான் வருகிறது, காத்திக்கு ஏறத்தாழ ஒரு தாஹில் குறைகிறது. மீன் குழம்புக்கு இந்தக் குறை பொருட்டன்று; சீன மருந்துக் கடையில் வேரும் பட்டையும் நிறுப்பவர் இதை ஏற்கமாட்டார்.

ஆகவே மலாய்ச் சொற்களையே கொள்வோம். எழுத்துக்கூட்டலில்தான் கவனம் வேண்டும். ‘கட்டி’ என்று எழுதினால் ‘ஒரு கட்டி குலா மலாக்கா’ என்பது உருளையாகக் கிடைக்கும் அந்த வெல்லத்தில் ஒரு துண்டா, அறுநூறு கிராமா என்று விளங்காது. ‘கத்தி’ வேறு பொருள். ஒற்றைத் தகரத்தில் ‘காதி’ என்று எழுதினால் கதர்த் துணி நினைவுக்கு வரும். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன்காரரிடம் ‘அரைக் காத்தி போடுங்க’ என்று என் அம்மா கேட்டதும், அவர் இறாலை அள்ளி மின்தராசில் 300 காட்டும்வரை ஒவ்வொன்றாகச் சேர்த்ததும் இன்னும் என் காதிலும் கண்ணிலும் இருக்கின்றன. அம்மா சொன்னது நெடிலோடுதான். ‘காத்தி’ என்பதே என் தெரிவு.

இனி, இத்தகைய அலகுகளின் பொதுப்பெயர். ‘மரபு எடையலகு’ என்பது வழக்கொழிந்த ஒன்றைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. ஹாங்காங் சந்தைகளிலோ காத்தி இன்றும் நடப்பில் உள்ளது. இவற்றின் உண்மையான இயல்பு பழமையன்று, இடத்துக்கு இடம் மாறுவதே. சீன எழுத்தில் ஒன்றேயான இவ்வலகு ஹாங்காங்கில் நம் பழைய காத்தியின் அளவிலும், தைவானில் 600 கிராமாகவும், சீனப் பெருநிலத்தில் 500 கிராமாகவும் நிற்கிறது. கொரியாவில் இறைச்சிக்கு 600 கிராம், காய்கறிக்குப் பெரும்பாலும் 400 கிராம் என ஒரே ஊரிலேயே பொருளுக்கேற்ப மாறுகிறது. ஜப்பானியர் அப்பெயரை இன்று பெரும்பாலும் ரொட்டிக்கே வைத்திருக்கிறார்கள். அங்கே அது குறைந்தது 340 கிராம்.

இந்த இயல்பைக் காட்ட ‘ஊரெடை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியபோதே தடுக்கியது: சிங்கப்பூரில் ‘ஊருக்குப் போகிறேன்’ என்றால் தமிழ்நாட்டுக்கு என்றுதான் பொருள், ஆகவே ‘ஊரெடை’ என்பது மறுபடியும் வீசையிடமே கொண்டு சேர்க்கும்! அதனால் ‘வட்டார எடை’ என்பதை முன்வைக்கிறேன். ‘வட்டார வழக்கு’ பழகிய காதுக்கு விளக்கம் தேவைப்படாது; சொல் ஒன்று, மதிப்பு இடத்தைப் பொறுத்தது என்பது பெயரிலேயே அடங்கிவிடும். பதிவு இவ்வாறு அமையலாம்: ‘காத்தி, வட்டார எடை, சிங்கப்பூர், மலேசியாவில் 604.8 கிராம்’. இடப்பெயர் இல்லாமல் எந்த வட்டார எடையையும் பதியக்கூடாது என்பதையும் விதியாக்குவோம்.

‘பிக்குல்’ பற்றி எனக்கு முடிவில்லை. 100 காத்தி கொண்ட அவ்வலகின் பெயர் மலாயில் தோளில் சுமத்தலைக் குறிப்பது. நம்மிடம் ‘தூக்கு’ என்றே ஓர் எடை இருந்ததால் ‘சுமை’ என்று ஆக்கும் ஆசை எழுகிறது, ஆனால் காத்திக்கு மறுத்ததை இதற்கு மட்டும் எப்படி ஏற்பது? துறைமுகத்திலோ தோட்டத்திலோ மூட்டை நிறுத்த குடும்பத்தினர் என்ன சொல்லி வழங்கினார்கள் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.