குதிகால் எலும்பை எடுத்த பிறகு என்ன வைத்தார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

அண்ணனுக்கு இடது குதிகால் எலும்பில் காண்ட்ரோசார்கோமா. குருத்தெலும்பு வகைப் புற்று என்பதால் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் மசியாதாம். எலும்பை முழுதாக எடுத்தாக வேண்டும். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை.

குழப்பம் அதற்கு அப்புறம்தான். ஒரு மருத்துவர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினால் சீக்கிரம் நடக்கலாம் என்கிறார். இன்னொருவர் பாதத்தைக் காப்பாற்றலாம் என்கிறார். இடுப்பிலிருந்தோ ஃபிபுலாவிலிருந்தோ (முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு) ரத்தக்குழாயோடு எலும்புத் துண்டை எடுத்து வைப்பது ஒரு வழி. முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியம் குதிகால் இன்னொன்று. 2014இல் மெல்போர்னில் ஒருவருக்கு இப்படிப் பொருத்தியிருக்கிறார்கள்.

எலும்பைவிட அதைச் சுற்றி இருப்பதுதான் எனக்குக் கவலை. கெண்டைக்கால் தசைநாணைக் குதிகாலில்தானே கட்டியிருக்கிறது? அது சரியாக ஒட்டாவிட்டால் முன்பாதத்தை ஊன்றி எம்பவே முடியாது. குதிகாலின் அடிப்பக்கத் தோலும் அதற்குள் இருக்கும் கொழுப்பு மெத்தையும் உடம்பில் வேறெங்கும் அப்படியே கிடைக்காதவை. வேறு இடத்துத் தோலை வைத்தால், உணர்ச்சி குறைந்து புண் வருமோ என்று பயமாக இருக்கிறது.

அண்ணன் இப்போதே விரல்களை ஊன்றித்தான் நடக்கிறார். செருப்பின் பின்பக்கம் தேயவே இல்லை.

டைட்டானியமோ சொந்த எலும்போ வைத்துக்கொண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எப்போது முழு எடையை ஊன்ற விட்டார்கள்? தொற்று வந்ததா? காலை எடுத்தவர்களும் எழுதுங்கள், அண்ணன் அதையும் கேட்கத் தயாராக இருக்கிறார். முடிவைச் சொல்லுமுன் மருத்துவரிடம் வேறென்ன கேட்க வேண்டும்?